வாய் துர்நாற்றம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல் வலி என்று சொல்லி வந்து, வைத்தியம் முடிந்து எழுந்து போகும் நேரத்தில், கதவருகே நின்று மெல்லிய குரலில் கேட்கப்படும் கேள்விகள் இவை. பல் மருத்துவர் எவரும் இவற்றைக் கேட்டிருப்பார். கேட்கவும் கூசி, பேசும்போது கையால் வாயை மறைத்துக்கொண்டு, ஏலக்காயை மென்று காலம் தள்ளுபவர்கள் இன்னும் அதிகம். அவர்களில் பெரும்பாலோருக்கு இது சில வாரங்களில் தீரக்கூடிய தொல்லை. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

வாய் நாற்றம் வயிற்றிலிருந்துதானே வருகிறது?

பத்தில் எட்டு ஒன்பது பேருக்கு நாற்றம் பிறக்கும் இடம் வாய்தான். நாக்கின் பின்பகுதி, ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே உருவாகும் பள்ளம், பல் இடுக்கு, சொத்தைக் குழி என்று காற்று அதிகம் புகாத இடங்களில் வாழும் பாக்டீரியாக்கள், உணவுத் துணுக்குகளிலும் உதிர்ந்த செல்களிலும் எச்சிலிலும் உள்ள புரதத்தைச் சிதைக்கின்றன. அப்போது கந்தகம் கலந்த வாயுக்கள் வெளியேறுகின்றன. அவற்றில் முக்கியமானவை ஹைட்ரஜன் சல்ஃபைடும் மெத்தில் மெர்காப்டனும். முதலாவது அழுகிய முட்டையின் வாடை. இரண்டாவது அழுகிய முட்டைக்கோஸின் வாடை.

உணவுக்குழாய் சாதாரண நேரத்தில் மூடியே இருக்கும். விழுங்கும்போதும் ஏப்பம் விடும்போதும்தான் திறக்கும். ஆகவே வயிற்றின் வாடை ஒவ்வொரு மூச்சோடும் வெளியே வர வழியில்லை. கடுமையான எதுக்களிப்பு உள்ளவர்களுக்குப் புளித்த வாடை வரலாம். அவர்களுக்கு நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம் போன்ற வேறு அடையாளங்களும் இருக்கும்.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. “வயிற்றில் புண், அதனால் வாய் நாறுகிறது” என்ற நம்பிக்கை நம் ஊர்களில் வேரோடிப் போயிருக்கிறது. வாய்க்குள் ஒரு தடவைகூட டார்ச் அடித்துப் பார்க்காமல், மெடிக்கல் கடையில் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை வாங்கி வருடக்கணக்கில் விழுங்குகிறார்கள். ஈறு நோய் அடியில் வளர்ந்துகொண்டே போகிறது. முதலில் வாயைப் பாருங்கள். வாயில் குறை எதுவும் இல்லை என்று உறுதியான பிறகு வயிற்றைப் பற்றி யோசிக்கலாம்.

காலையும் இரவும் பல் துலக்குகிறேன். பிறகும் ஏன் நாற்றம்?

பிரஷ் போய்ச் சேராத இடங்களில்தான் சிக்கல் இருக்கிறது. நாக்கின் பின்பகுதி ஒன்று. பல்லும் பல்லும் உரசும் இடுக்கு மற்றொன்று. ஞானப்பல் பாதி முளைத்து அதன்மேல் ஈறு மடிந்து கிடந்தால் அந்த மடிப்புக்குள் உணவு தங்கும். பல வருடங்களுக்கு முன் போட்ட கேப்பின் விளிம்பு பல்லோடு சரியாகப் பொருந்தாவிட்டாலும் அடியில் அழுக்கு சேரும்.

பல் இடுக்குக்குப் பல் நூல் இருக்கிறது. இடைவெளி பெரிதாக இருந்தால் குப்பி கழுவும் பிரஷ் வடிவத்தில் சிறிதாக வரும் இடுக்கு பிரஷ் இன்னும் நல்லது. இரவு படுக்கும் முன் ஒரு தடவை போதும். நூலை எடுத்ததும் முகர்ந்து பாருங்கள். குறிப்பிட்ட ஓர் இடுக்கில் மட்டும் நாற்றம் அடித்தால் அங்கே சொத்தையோ ஈறு நோயோ ஒளிந்திருக்கலாம். மருத்துவரிடம் போகும்போது அந்த இடத்தைச் சொன்னால் அவருக்குப் பாதி வேலை மிச்சம்.

ஊக்கு, ஹேர்பின், தீக்குச்சி இவற்றால் குத்துவதை நிறுத்திவிடுங்கள். ஈறு கிழிந்து இடைவெளிதான் பெரிதாகும்.

நாக்கை எப்படி வழிக்க வேண்டும்?

நாக்கு வழிப்பது நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் பழக்கம். வழிக்கும் விதத்தில்தான் பிழை. காலையில் தெருவுக்கே கேட்கும்படி ஓங்கரித்து, இரண்டு விரலைத் தொண்டைவரை விட்டுக் கரகரவென்று தேய்ப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அப்படி ஓங்கரித்தால் பித்தம் வெளியேறுகிறது என்று நினைக்கிறார்கள். வெளியேறுவது எச்சிலும் வயிற்று அமிலமும்தான். அந்த அமிலம் பல் எனாமலை அரிக்கும்.

ஸ்டீல், செம்பு, பிளாஸ்டிக் என்று எந்த நாக்கு வழிப்பானும் ஆகும். நாக்கை முழுதாக வெளியே நீட்டி, மூச்சை மெதுவாக விட்டபடி, எவ்வளவு பின்னால் வைக்க முடியுமோ அங்கே வைத்து முன்னோக்கி இழுங்கள். அழுத்தம் வேண்டாம். ஒவ்வொரு இழுப்புக்கும் வழிப்பானைக் கழுவிவிட்டு நான்கைந்து தடவை செய்தால் போதும். ரத்தம் வந்தால் அழுத்தம் அதிகம் என்று பொருள். நாக்கின் நுனி எப்போதும் சுத்தமாகவே இருக்கும். நாற்றம் குடியிருப்பது பின்பக்கத்தில், வெள்ளையாகவோ மஞ்சளாகவோ படிந்திருக்கும் மாவில். குமட்டல் வருகிறதென்று முன்பாதியை மட்டும் வழித்துவிட்டு வந்தால் பயன் குறைவு. சில நாள் பழகினால் குமட்டல் தானாகக் குறையும்.

ஈறில் ரத்தம் வருகிறது. பல் கிளீனிங் செய்தால் பல் ஆட்டம் கண்டுவிடும் என்கிறார்களே?

இந்தப் பயத்தால் நல்ல பற்களை இழந்தவர்கள் ஏராளம். ஆகவே கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பல்லின் மேல் தினமும் படியும் பிசுபிசுப்பான படலத்தை எடுக்காமல் விட்டால், எச்சிலிலுள்ள சுண்ணாம்புச் சத்து அதில் இறங்கிக் கெட்டிப்படும். அதுதான் காரை. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிந்து, எவ்வளவு தேய்த்தாலும் போகாமல் நிற்கிறதே, அதைப் போன்றது. கெட்டியான பிறகு எந்த பேஸ்ட்டாலும் அதை எடுக்க முடியாது. காரையை ஒட்டி ஈறு வீங்கும், தொட்டால் ரத்தம் கசியும். கவனிக்காமல் விட்டால் ஈறு பல்லை விட்டு விலகி, அந்தப் பள்ளத்தில் நாற்றம் உண்டாக்கும் பாக்டீரியாக்கள் குடியேறும். மெத்தில் மெர்காப்டன் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது. அடுத்த கட்டத்தில் பல்லைத் தாங்கும் எலும்பே கரையத் தொடங்குகிறது.

கிளீனிங் செய்யும்போது காரையை மட்டுமே எடுக்கிறார்கள், பல்லை அல்ல. எலும்பு முன்பே கரைந்துபோன இடத்தில், அதுவரை பற்களை ஒன்றோடொன்று இறுக்கிப் பிடித்திருந்த காரைக் கட்டி போனதும் பல் லேசாக ஆடும். பல்லிடுக்கில் சந்து தெரியும். சில நாள் கூச்சமும் இருக்கும். இதைப் பார்த்துத்தான் “கிளீன் பண்ணினேன், பல் ஆட ஆரம்பித்துவிட்டது” என்று சொல்கிறார்கள். ஆட்டத்துக்குக் காரணம் எலும்புத் தேய்மானம். கிளீனிங் அதை வெளிக்காட்டியது, அவ்வளவுதான். காரையை எடுத்து ஈறு ஆறினால் பல ஆட்டங்கள் குறைந்து பல் மீண்டும் நிலைப்படும். எடுக்காமல் விட்டால் பல் தானாகவே விழும்.

ரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தில் பிரஷ் போடாமல் விடுவதும் தவறு. மென்மையான பிரஷ்ஷால் ஈறோரத்தை மெதுவாகத் துலக்குங்கள். இரண்டு வாரத்தில் ரத்தம் நிற்கவில்லை என்றால் காரை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். மெடிக்கல் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்கினால் ஒரு வாரம் நாற்றம் அடங்கும். காரை அங்கேயே இருப்பதால் திரும்பி வந்துவிடும்.

காலையில் எழுந்ததும் மட்டும் நாற்றம். இது நோயா?

எல்லோருக்கும் வருவதுதான். நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை எச்சில் சுரக்கிறது. அது ஓயாமல் வாயைக் கழுவிக்கொண்டே இருக்கிறது. தூக்கத்தில் அந்தச் சுரப்பு ஏறக்குறைய நின்றுவிடும். வாயைத் திறந்து தூங்குபவர்களுக்கும் குறட்டை விடுபவர்களுக்கும் வாய் இன்னும் காய்ந்துபோகும். பல் துலக்கிச் சாப்பிட்டதும் போய்விட்டால் கவலை வேண்டாம். பகல் முழுதும் தொடர்ந்தால் காரணம் தேட வேண்டும்.

எனக்கு நாற்றம் இருக்கிறதா என்று எப்படி அறிவது?

உள்ளங்கையில் ஊதிப் பார்ப்பது அவ்வளவாகப் பயன்படாது. எப்போதும் கூடவே இருக்கும் வாடைக்கு மூக்கு பழகிவிடும். மணிக்கட்டை நாக்கால் நக்கி, பத்து விநாடி காயவிட்டு முகர்ந்து பாருங்கள். அல்லது ஒரு தேக்கரண்டியைக் கவிழ்த்து நாக்கின் பின்புறத்தை மெல்ல வழித்து, சில விநாடி கழித்து முகருங்கள். இரண்டும் தோராயமான சோதனைகள்தான். நம்பிக்கைக்குரிய ஒருவரிடம், மனைவியிடமோ அக்காவிடமோ நெருங்கிய நண்பரிடமோ, நேராகக் கேட்பதே சிறந்த வழி. பல் மருத்துவரிடம் கேட்பதானால் அன்று காலை ஏலக்காய், மவுத் வாஷ் எதுவும் இல்லாமல் போங்கள்.

பூண்டு, வெங்காயம் சாப்பிட்டால் பல் துலக்கியும் போவதில்லையே?

பூண்டிலிருந்து உண்டாகும் ஒரு கந்தகச் சேர்மம் குடலில் உறிஞ்சப்பட்டு, ரத்தத்தில் கலந்து, நுரையீரல் வழியாக மூச்சில் வெளியேறுகிறது. அதனால் வாயை எவ்வளவு கழுவினாலும் பல மணி நேரம் இருக்கும். பூண்டோடு பாலோ தயிரோ சேர்ந்தால் இந்த வாடை குறைவதை ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பூண்டுக் குழம்புக்குப் பிறகு தயிர் சாதத்தோடு முடிக்கும் வழக்கம் இந்த வகையில் நல்லது. கருவாடு, முட்டை, மீன் ஆகியவற்றின் வாடை பெரும்பாலும் வாயில் தங்கிய துணுக்கிலிருந்து வருவது. நன்றாகக் கொப்பளித்து இடுக்கைச் சுத்தம் செய்தால் போய்விடும்.

எந்த மவுத் வாஷ் வாங்கலாம்?

முதலில் வேறு வேலை முடியட்டும். நாக்கு, இடுக்கு, காரை மூன்றையும் கவனிக்காதவருக்கு மவுத் வாஷ் தருவது சிறிது நேர வாசனை மட்டுமே. 1879இல் கிருமிநாசினியாக உருவான லிஸ்டரின், 1920களில் அமெரிக்காவில் வாய் நாற்றத்தைக் காட்டிப் பயமுறுத்திய விளம்பரங்களால்தான் பெரும் வியாபாரமானது. அதே பயத்தைத்தான் இன்றும் பல விளம்பரங்கள் விற்கின்றன.

குளோர்ஹெக்சிடின் கலந்தது வலுவான மருந்து. ஈறு சிகிச்சைக்குப் பிறகு இரண்டு வாரம் போல மருத்துவர் எழுதித் தருவார். மாதக்கணக்கில் பயன்படுத்தினால் பல் பழுப்பேறும், நாக்கின் ருசி மாறும். பேஸ்ட்டோடு சேர்ந்தால் அதன் வலு குறையும் என்பதால் பல் துலக்கி அரை மணி நேரம் கழித்துக் கொப்பளிக்க வேண்டும். துத்தநாகம் கலந்தவை கந்தக வாயுவை நேரடியாகக் கட்டுப்படுத்துகின்றன. தினப் பயன்பாட்டுக்கு வாங்கினால் ஆல்கஹால் இல்லாதது நல்லது. வாய் வறட்சி உள்ளவர்கள் இதில் கண்டிப்பாகக் கவனம் வைக்க வேண்டும். உப்புக் கலந்த வெதுவெதுப்பான நீர் ஈறுப் புண்ணுக்கு இதமானது, செலவும் இல்லை.

ஏலக்காய், கிராம்பு, சோம்பு, வெற்றிலை?

ஏலக்காயும் கிராம்பும் சோம்பும் மெல்லும்போது எச்சில் ஊறுகிறது, வாசனையும் வருகிறது. சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் மெல்லுவதில் தவறில்லை. நாற்றத்தின் காரணத்தை அவை தொடாது. சர்க்கரைப் பூச்சு உள்ள சோம்பும் மிட்டாயும் சொத்தையைத்தான் வளர்க்கும்.

வெற்றிலை பாக்கு வேறு விஷயம். பாக்கைச் சேர்த்து மெல்லும் வெற்றிலை, புகையிலை இல்லாவிட்டாலும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட அறிக்கையில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பாக்குப் போடுபவர்களுக்கு வாயின் உட்புறம் விறைத்து, நாளடைவில் வாய் திறக்கவே முடியாமல் போகும் நோயும் வருகிறது. நாற்றத்தை மறைக்கப் பாக்குப் பொட்டலம் கிழிக்கும் இளைஞர்களைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. வாய் திறக்கும் அளவு குறைந்தாலோ, காரம் பட்டால் எரிந்தாலோ, ஆறாத புண் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தாலோ உடனே காட்டுங்கள்.

நல்லெண்ணெய் கொப்பளிப்பது, வேப்பங்குச்சி, கரித்தூள்?

எண்ணெய் கொப்பளித்தால் பல்லின் மேல் படியும் படலமும் நாற்றமும் ஓரளவு குறைவதாகச் சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. விருப்பம் இருந்தால் செய்யலாம். விழுங்காமல் துப்பிவிட்டுப் பிறகு பல் துலக்க வேண்டும். உடம்பின் விஷத்தையெல்லாம் இழுக்கும் என்பதை நம்ப வேண்டியதில்லை.

“ஆலும் வேலும் பல்லுக்குறுதி” என்பது பொய்யில்லை. குச்சியின் நுனியை நன்றாக மென்று தூரிகையாக்கி மெதுவாகத் தேய்த்தால் பல்லின் வெளிப்பக்கம் சுத்தமாகும். உட்பக்கத்துக்கும் கடைவாய்க்கும் எட்டுவது கடினம், சொத்தையைத் தடுக்கும் ஃப்ளோரைடும் கிடைக்காது. கரி, செங்கல் பொடி, மணல், சாம்பல் இவற்றை விட்டுவிடுங்கள். எனாமலை அரம்போல் தேய்த்துவிடும். பல் பொடியில் புகையிலை சேர்ப்பதை இந்தியா 1992இலேயே தடை செய்துவிட்டது. ஆனாலும் புகையிலைப் பொடியை ஈறில் தேய்க்கும் பாட்டிமார்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைக் கடிந்துகொள்ளாமல், கூட உட்கார்ந்து பேசி நிறுத்த உதவுங்கள்.

தொண்டையிலிருந்து நாற்றமடிக்கும் சின்ன வெள்ளை உருண்டை வருகிறது. பயப்பட வேண்டுமா?

வேண்டாம். டான்சில் குழிகளில் உணவுத் துணுக்கும் செல்களும் சேர்ந்து கெட்டியாவதுதான் அது. உப்பு நீரில் தொண்டைவரை கொப்பளித்தால் பலருக்கு வெளியே வந்துவிடும். விரலாலோ ஊசியாலோ நோண்டாதீர்கள். அடிக்கடி வந்து தொல்லை தந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

வாய் எப்போதும் காய்ந்தே இருக்கிறது. காரணம் என்ன?

ரத்த அழுத்தம், சளி, ஒவ்வாமை, மன அழுத்தம் ஆகியவற்றுக்கான மாத்திரைகள் பலவற்றுக்கு வாய் வறட்சி ஒரு பக்கவிளைவு. மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், எழுதித் தந்தவரிடம் சொல்லுங்கள். சர்க்கரை இல்லாத சூயிங் கம் எச்சிலைத் தூண்டும்.

இன்னொரு காரணத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஜவுளிக் கடையிலும் சந்தையிலும் சாலையோரத்திலும் நாள் முழுதும் வேலை செய்யும் பெண்கள், கழிப்பறை இல்லை என்பதால் தண்ணீரே குடிக்காமல் இருக்கிறார்கள். அவர்களிடம் “நிறையத் தண்ணீர் குடியுங்கள்” என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வது நியாயமில்லை. கழிப்பறை கட்டித் தர வேண்டியது முதலாளியின் கடமை. அதுவரை அடிக்கடி ஒரு மிடறாவது நீரை வாயில் வைத்துக் கொப்பளிப்பது வறட்சியைத் தணிக்கும்.

விரதம் இருக்கும்போது நாற்றம் கூடுகிறதே?

சாப்பிடாதபோது மெல்லுவதில்லை, எச்சில் குறைகிறது. நேரம் நீண்டால் உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்கி, கீட்டோன் என்ற பொருள் மூச்சில் வரும். மாவுச்சத்தை அடியோடு குறைக்கும் டயட்டிலும் இதே கதைதான். நாக்கை வழித்துப் பல் துலக்குங்கள். விரதம் முடிந்ததும் சரியாகிவிடும்.

சர்க்கரை நோய்க்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு, இரண்டு பக்கமும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் ஈறு நோய் முற்றும். ஈறு நோய் இருந்தால் சர்க்கரை கட்டுப்படாமல் முரண்டு பிடிக்கும். ஈறு சிகிச்சைக்குப் பிறகு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு சற்று இறங்குவதும் உண்டு. ஆகவே கண், கால், சிறுநீரகப் பரிசோதனையோடு பல் பரிசோதனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரை உள்ளவரின் மூச்சில் பழ வாசனையோ நெயில் பாலிஷ் போக்கும் திரவத்தின் வாசனையோ வந்து, வாந்தி, வயிற்று வலி, ஆழ்ந்த வேக மூச்சு, மயக்கம் இருந்தால் அது அவசர நிலை. உடனே 108க்கு அழையுங்கள். சிறுநீரகம் செயலிழந்தால் சிறுநீர் போன்ற வாடையும், கல்லீரல் மிகவும் பழுதானால் இனிப்பு கலந்த ஊசல் வாடையும் வரும். இவை அரியவை. அந்த நிலைக்கு முன்பே உடம்பு வேறு பல அறிகுறிகளைக் காட்டியிருக்கும்.

குழந்தையின் வாய் நாறுகிறது. என்ன செய்வது?

சொத்தைப் பல், வாயால் மூச்சு விடும் பழக்கம், மூக்கின் பின்புறச் சதை வளர்ச்சி இவைதான் வழக்கமான காரணங்கள். மூன்று வயதுக்குள் அரிசி மணி அளவும், ஆறு வயதுவரை பட்டாணி அளவும் ஃப்ளோரைடு பேஸ்ட் போதும். துலக்கிவிடுவது உங்கள் வேலை.

திடீரென்று நாற்றம் தொடங்கி, ஒரு பக்க மூக்கில் மட்டும் கெட்ட நீர் வடிந்தால் உள்ளே புளியங்கொட்டையோ பாசிமணியோ இருக்கலாம். வீட்டில் எடுக்க முயலாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். பொத்தான் பேட்டரி என்ற சந்தேகம் இருந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்காதீர்கள்.

தாத்தா பல் செட் போட்டிருக்கிறார்.

இரவில் கழற்றித் தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும். காலையில் பிரஷ்ஷும் சோப்பும் கொண்டு தேய்த்துக் கழுவலாம், கொதிநீர் கூடாது. பல் இல்லாவிட்டாலும் நாக்கையும் ஈறையும் துடைக்க வேண்டும்.

கணவருக்கு நாற்றம் இருக்கிறது. புண்படாமல் எப்படிச் சொல்வது?

தனியாக இருக்கும்போது, சண்டை இல்லாத நேரத்தில், சுருக்கமாகச் சொல்லுங்கள். “கொஞ்ச நாளாக உங்கள் வாயில் ஒரு வாடை வருகிறது. ஈறில் ஏதோ இருக்கும்போல. சனிக்கிழமை இரண்டு பேரும் பல் டாக்டரிடம் போய்க் காட்டிவிட்டு வருவோம்” என்றால் போதும். முகத்தைத் திருப்பிக்கொள்வதும், பிள்ளைகள் முன்னால் மூக்கைப் பொத்துவதும், ஜாடை பேசுவதும்தான் காயப்படுத்தும். சொல்லாமல் விடுவது கருணை ஆகாது. அலுவலகத்தில் எல்லோரும் அவர் இல்லாதபோது பேசுவதைவிட, வீட்டில் ஒருவர் நேரில் சொல்வது எவ்வளவோ மேல்.

யாரும் சொல்லவில்லை, ஆனால் எனக்கு நாற்றம் இருப்பதாகவே தோன்றுகிறது.

எதிரே இருப்பவர் மூக்கைத் தேய்த்தால், ஜன்னலைத் திறந்தால், நம்மால்தான் என்று நினைத்துக் குன்றிப்போவது ஒரு பெரும் துன்பம். இப்படி வருபவர்களில் பலருக்குப் பரிசோதனையில் எந்த நாற்றமும் இருப்பதில்லை. ஒரு பல் மருத்துவர் நன்றாகப் பார்த்து “இல்லை” என்று சொன்ன பிறகும் மனம் ஏற்காமல், மருத்துவர் மாற்றி மருத்துவராக அலைந்து, வேலையையும் திருமணப் பேச்சையும் தவிர்க்கும் நிலை வந்தால், மனநல மருத்துவரைப் பாருங்கள். உங்கள் வேதனை உண்மையானது. அதற்கு மருந்தும் பேச்சுச் சிகிச்சையும் இருக்கின்றன, பலன் தருகின்றன. இன்னொரு பாட்டில் மவுத் வாஷ் அதற்குத் தீர்வாகாது.

எந்த மருத்துவரிடம் போவது? செலவு அதிகமாகுமா?

முதலில் பல் மருத்துவர். ஈறு நோய் முற்றியிருந்தால் அவரே ஈறு சிகிச்சை நிபுணரிடம் அனுப்புவார். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளில் பல் பிரிவு இருக்கிறது. சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் கட்டணம் குறைவு. மாணவர்கள் பேராசிரியர்களின் மேற்பார்வையில் செய்வார்கள், நேரம் கூடுதலாக ஆகும். போகும்போது நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டு, சர்க்கரைப் பரிசோதனை முடிவு இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கிளீனிங் முடிந்து ஈறு ஆறச் சில வாரங்கள் ஆகும். அதற்குப் பிறகும் நாற்றம் குறையவில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரையும், அங்கும் காரணம் தெரியாவிட்டால் பொது மருத்துவரையும் பாருங்கள்.